மதில் இடம் மாறிய வருஷம்

மேற்கே மலையிலிருந்து இறங்குகிற ஆறு வழியில் எந்த ஊரையும் சட்டை பண்ணாமல் நேராகவே வரும். சந்தியாகோட்டைக்கு வந்ததும் மட்டும், பிடிக்காத சம்பந்தியை எதிரே கண்டவன் மாதிரி, சட்டென்று வடக்கே முகத்தைத் திருப்பி, ஊரை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு, அப்புறம்தான் கடலைப் பார்க்கப் போகும். அந்த வளைவுக்குள்ளே ஒரு செம்மண் மேடு, மேட்டின் உச்சியில் பெரியகோயில், கோயிலைச் சுற்றி நாலு தெரு, நாலு தெருவையும் சேர்த்து அணைத்தாற்போல ஒரு மதில். தீப்பெட்டி அளவு ஊர்தான். ஆனாலும் மேற்றிராணியார், அதாவது பிஷப், குடியிருக்கிற இடமாச்சே, பட்டணம் என்றுதான் உள்ளே இருக்கிறவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், நமக்கென்ன.

மதிலைக் கட்டியது முதல் மேற்றிராணியார் காலத்தில். குதிரை மேல் வந்து நெல்லை அள்ளிக்கொண்டு போன பாளையத்து ஆட்களுக்குப் பயந்து, சுண்ணாம்பையும் கடுக்காயையும் கருப்பட்டியையும் சேர்த்து அரைத்து, ஆற்றுப் படுகையிலிருந்து கல் சுமந்து, ஒரு தலைமுறை முழுக்கக் கட்டினார்கள். யார் சுமந்தது என்று கேட்காதீர்கள். எப்போதும் யார் சுமப்பார்களோ அவர்கள்தான் சுமந்தார்கள். கிழக்குப் பக்கத்துக் கடைசி வரிசைக் கல்லை வெளியே நின்றுதான் வைக்க வேண்டியிருந்தது, வைத்தார்கள், வைத்து முடித்து ஆற்றில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினால் வாசல் சாத்தியிருந்தது. அன்றைக்கு மதிலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஈரமணலில் ஓலையைப் போட்டு உட்கார்ந்தவர்கள்தான் வெளித்தெருக்காரர்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்தும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

வாசல் வளைவின் மேலே ஒரு கல் உண்டு. காலரா வந்த வருஷத்தில் வெட்டிவைத்தது. மதிலுக்குள் மூச்சை விட்டவருக்கு மதிலுக்குள் மண் என்று அதில் எழுதியிருக்கும். ஊரின் பெருமையே அந்தக் கல்தான். வளையல் விற்க வந்த இடத்தில் விழுந்து செத்த தெலுங்கனுக்குக்கூடக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்தோம், நிலம் அளக்க வந்த வெள்ளைக்காரனின் சமையல்காரனுக்குக்கூடக் கொடுத்தோம் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோவார்கள். வெளித்தெருக்காரன் எவனாவது உள்ளே வேலை செய்யும்போது மயங்கி விழுந்தால் மட்டும், அந்த மனுஷனுக்குத் தண்ணீர் தெளிப்பதற்கு முன்னாலேயே கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டுவிடுவார்கள். கல்லில் எழுதியதை மீறக்கூடாது இல்லையா, அதற்குத்தான்.

யாகப்பனை அப்படி ஒரு முறை தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அவன்தான் உள்ளே இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்குக் குழிவெட்டி. யாரோ ஒரு வக்கீலுக்குப் பாதிக் குழி வெட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். அதிலிருந்து அவனுக்கு மூச்சு சரியாக வரவில்லை. கட்டிலும் இருமலும் கஷாயமுமாகக் கிடந்தான், பக்கத்தில் அவன் பெண்டாட்டி சலேத்து.

சலேத்துக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வெளித்தெருவுக்குச் சுடுகாடும் கிடையாது, தோட்டமும் கிடையாது. ஆற்றோரத்து மணல் திட்டில்தான் புதைப்பார்கள், ஐப்பசியில் வெள்ளம் வந்து திட்டைப் பிளந்து உள்ளே கிடப்பதை எடுத்துக்கொண்டு போய்விடும். அவளுடைய ஒரே மகள், நடக்கப் பழகின வயசில் காய்ச்சல் கண்டு செத்தவள், அப்படித்தான் போனாள். மறுநாள் போய்ப் பார்த்தபோது திட்டும் இல்லை, சிலுவையும் இல்லை, தண்ணீர் ஒன்றுமே தெரியாதது போல ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்தத் தண்ணீரில் துவைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். இந்த மனுஷனையாவது ஆற்றுக்குக் கொடுக்க மாட்டேன், செம்மண்ணில் ஆறடி ஆழத்தில் அசையாமல் படுக்க வைப்பேன் என்று மாதா முன்னால் முட்டிபோட்டுச் சொல்லியிருந்தாள். எப்படி என்று அவளுக்கும் தெரியாது, மாதாவுக்கும் தெரிந்திருக்காது.

ஆனி மாதம் ஒரு விடியற்காலையில், தண்ணீர் எடுக்கக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு இறங்கிய சலேத்தின் குடம் நங்கென்று மதிலில் இடித்தது. எவன் இதைக் கொண்டுவந்து இங்கே வைத்தான் என்று ஒரு வசவு வைதுவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தால், தினமும் மதில் நிற்கிற இடத்தில் வானம் தெரிந்தது. வானத்துக்குக் கீழே டெல்ஃபின் டீச்சர் தன் வீட்டுக் கிணற்றடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சலேத்து, சீக்கிரமே எந்திரிச்சிட்டியா?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சரம்மா, தண்ணிக்கு," என்றாள் சலேத்து.

அவ்வளவுதான். கிழக்கு மதில் ராத்திரியோடு ராத்திரியாக வெளித்தெருவைத் தாண்டிப் போய் ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தது, பாசியோடு, பல்லிகளோடு, தெற்கு மூலையில் வேர் பிடித்த அரசமரத்தோடு, வடக்கோரத்து வாசலோடு, வாசல் மேலே எழுதின கல்லோடு. ஏன் நகர்ந்தது என்று யாரும் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஊரைக் காக்கிற புனிதர் சந்தியாகப்பர் குதிரையில் வந்து தள்ளினார் என்று சிலர், மணலுக்கு அப்படி ஒரு குணம் உண்டு என்று சிலர். இனி பால்காரன் எந்த வழியாக வருவான் என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது.

மதில் இருந்த இடத்தில் வெளிறின மண் ஒரு பட்டையாகக் கிடந்தது. உள்தெரு மாடுகள் மேய்ந்துகொண்டே வந்து அந்தப் பட்டையில் நின்று திரும்பிப் போயின. ஆடுகளுக்கு மட்டும் மட்டுமரியாதை தெரியவில்லை, அவை தாண்டின. வெளித்தெரு மனிதர்களோ ஆடுகளைவிட ஒழுக்கமானவர்கள். உள்ளே வேலைக்குப் போக வேண்டுமென்றால், எதிரே வெட்டவெளியாகக் கிடக்கிற பட்டையைத் தாண்டாமல், தெருவின் நீளம் முழுக்க வடக்கே நடந்து, வாசல் முன்பு இருந்த இடத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இல்லாத வளைவுக்குக் கீழே தலையைக் குனிந்து நுழைந்து, மறுபடியும் தெற்கே அத்தனை தூரமும் நடந்தார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாருக்கும் வேறு மாதிரி செய்யத் தோன்றவும் இல்லை. டெல்ஃபின் டீச்சர் நல்லவர், சலேத்துக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர், யாகப்பனுக்கு இருமல் மருந்து வாங்கித் தருகிறவர்; அவர்கூட ரசம் வைத்து எடுத்துவந்தால் பட்டைக்கு அந்தப் பக்கமே நின்று கையை நீட்டிக் கொடுப்பார், சலேத்து இந்தப் பக்கமே நின்று வாங்கிக்கொள்வாள்.

ஆனால் சலேத்து கல்லை மறக்கவில்லை. பங்குச்சாமி ரெமிஜியுஸைப் போய்ப் பார்த்தாள்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டு ஆளு இப்ப மதிலுக்கு உள்ளதான படுத்திருக்காரு?"

சாமி கொஞ்சநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "உள்ளதான் இருக்காரு."

"அப்ப அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"கல்லுல எழுதியிருக்கறதுதான் சலேத்து. அதை நான் மாத்த முடியாது, யாரும் மாத்த முடியாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாமி பிரசங்கத்தில், ஆண்டவர் எரிகோவின் மதிலை இடித்தார், நம்முடைய மதிலை இடிக்காமல் அகலப்படுத்தியிருக்கிறார் என்று சொன்னார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. முன்வரிசையில் ஊர்க் கமிட்டித் தலைவர் அதிரியான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் கீழ்ப்படிதலைப் பற்றி இருந்தது. மேற்றிராணியார் அப்போது மலையில் இருந்தார். வெயில் குறைந்ததும் வருவார் என்றார்கள், ஆடி பிறந்தும் அவருக்கு வெயில் குறையவில்லை.

அதிரியானைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டவர், ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குச் சேலை எடுத்துக் கொடுப்பவர். அவருடைய அப்பா, தாத்தா, அவர்களுக்கு முந்தினவர்கள் எல்லாரும் அந்தச் செம்மண்ணில்தான் வரிசையாகப் படுத்திருந்தார்கள், அவருக்கும் இடம் பார்த்து வைத்தாயிற்று. அந்த இடத்துக்குப் பக்கத்தில் நாளைக்கு யார் படுப்பார்கள் என்ற நினைப்பு வந்ததிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. கமிட்டியைக் கூட்டினார். சந்தியாகப்பர் திருவிழாவில் சப்பரம் மதிலை உரசிக்கொண்டுதான் சுற்ற வேண்டும் என்பது வழக்கம், இப்போது சுற்றினால் வெளித்தெரு வழியாகப் போகும், ஆகவே திருவிழா வேண்டாம் என்று முதல் கூட்டத்தில் முடிவானது. திருவிழாவை நிறுத்தலாம், சாவை எப்படி நிறுத்துவது என்று இரண்டாவது கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். யாகப்பன் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிற விஷயம் எல்லாருக்கும் தெரியும்.

"மதிலை இடிச்சிருவோம்," என்றார் அதிரியான். "மதிலே இல்லன்னா உள்ளன்னும் கிடையாது, வெளியன்னும் கிடையாது. பழைய இடத்துல புதுசா ஒண்ணு கட்டிக்கிடலாம்."

"ஐப்பசியில ஆத்துத்தண்ணி ஊருக்குள்ள வந்திருமே அண்ணாச்சி," என்றார் ஒருவர்.

"தண்ணி வந்தா வடிஞ்சிரும்," என்றார் அதிரியான். "இவங்க வந்தா வடிவாங்களா?"

ரெமிஜியுஸ் சாமி அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார், அதற்குள்ளேயே அவருக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. ஊரில் சாவு என்பது கோயில் சாவு மணி அடித்த பிறகுதான் சாவு. மணி அடிக்கிற நேரத்தில் கிழக்கு மதிலில் கல்லின் மேல் கல் நின்றால் நான் யாகப்பனைத் தோட்டத்தில்தான் அடக்கம் பண்ணுவேன் என்றார். அதிரியான் யோசித்துவிட்டு, நியாயம்தானே சாமி, நாங்க என்ன சட்டத்த மீறுறவங்களா என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாளே கடப்பாரையை எடுத்தார்கள். வெளித்தெரு ஆட்களை வேலைக்குக் கூப்பிட முடியாதே, ஆகவே அவர்களே எடுத்தார்கள். வக்கீல் வந்தார், மருந்துக்கடைக்காரர் வந்தார், பாட்டு வாத்தியார் வந்தார், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு டீச்சர்மார் வந்து கல் எடுத்துக் கொடுத்தார்கள். எங்க மதில், எங்க மதில் என்று தாலாட்டிலும் கல்யாணப் பாட்டிலும் பாடி வளர்ந்த ஜனங்கள், வருஷாவருஷம் திருவிழாவுக்கு அதற்கு மாலை போட்டவர்கள், வேர்த்து விறுவிறுத்து, கை கொப்புளித்து, மோர் குடித்துவிட்டுத் திரும்பவும் வந்து, அதன் தலையிலிருந்து கால்வரைக்கும் இடித்தார்கள். அவ்வளவு ஒற்றுமையாக அந்த ஊர் அதற்கு முன்னால் எதையும் செய்ததில்லை.

யாகப்பன் கட்டிலில் கிடந்தபடியே காதைக் கொடுத்தான்.

"ஏட்டி, அது என்ன சத்தம்?"

"மதில இடிக்காவ."

"யாரு?"

"உள்ள உள்ளவுகதான். வக்கீலு, வாத்தியாரு எல்லாரும்."

யாகப்பனுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரமானது. "அவுகளுக்குக் கடப்பாரை பிடிக்கத் தெரியுமாட்டி? கையி போயிருமே," என்றான்.

சலேத்து விஷயத்தைச் சொன்னாள். சொல்லாமல் எத்தனை நாள் மறைப்பது? அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அதற்குப் பிறகு அவள் கஷாயம் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டான். அவளும் வற்புறுத்தவில்லை. மாதாவே, சீக்கிரம் எடுத்துக்கோ, மதில் நிக்கும்போதே எடுத்துக்கோ என்று உதடு முணுமுணுத்துக்கொண்டேயிருந்தது, முணுமுணுத்த வாயாலேயே அவன் நெற்றியில் முத்தமிட்டாள். இருபது வயசில் வாழ வந்தவள் கட்டின புருஷனைச் சாகச் சொல்லி ஜெபம் பண்ணுகிறாளே, இது அடுக்குமா என்று அவளுக்கே நெஞ்சு வெடித்தது. வெளியே ஒவ்வொரு கல் விழும்போதும் அவனுடைய மூச்சைப் பார்த்தாள். அது பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது, பாழாய்ப்போன மூச்சு, வேண்டாத நேரத்தில் பலமாக வந்தது.

"நான் வேணும்னா மூச்ச அடக்கிப் பாக்கட்டா?" என்றான் யாகப்பன், விளையாட்டாக இல்லை.

"வாய மூடுங்க," என்று சொல்லிவிட்டு அவன் மார்பில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

கடைசியில் தெற்கு மூலைத் துண்டு மட்டும் நின்றது. அரசமரத்தின் வேர் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததால் கடப்பாரைக்கு அசையவில்லை. கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்தது. வேறு கயிற்றுக்கு ஆள் போனது. உச்சிவெயில். அந்த நேரத்தில் யாகப்பன் ஒரு முறை நீளமாக இழுத்துவிட்டு, அடுத்த மூச்சை எடுக்காமலே இருந்தான். சலேத்து அவன் மூக்கில் கையை வைத்துப் பார்த்தாள், கண்ணை மூடினாள், தாடையைக் கட்டக்கூட நிற்கவில்லை. அழ நேரமில்லை. வாசலில் இறங்கி எட்டிப் பார்த்தாள், தெற்கு மூலை நின்றுகொண்டிருந்தது. ஓடினாள்.

அவள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, டெல்ஃபின் டீச்சர் வீட்டுக் கிணற்றடிக்கு அப்பால், பெரியகோயில் மணிக்கூண்டு நின்றது. நேராகப் போனால் ஒரு வெற்றிலையை மென்று துப்புவதற்குள் போய்விடலாம். சலேத்து வடக்கே ஓடினாள். தலைமுடி அவிழ, முந்தானை புழுதியில் இழுபட, தெருவின் நீளம் முழுக்க ஓடினாள். வீட்டு வாசல்களில் உட்கார்ந்திருந்த வெளித்தெருக்காரர்கள் அவள் ஓடுவதைப் பார்த்து யாகப்பன் போய்விட்டான் என்று புரிந்துகொண்டு எழுந்து நின்றார்கள், வேகமா ஓடு சலேத்து, வேகமா ஓடு என்று கத்தினார்கள், ஒருத்தர்கூட அப்படியில்லை இப்படி என்று சொல்லவில்லை. வாசல் இருந்த இடத்துக்கு வந்ததும் அவள் நின்றாள். செருப்பைக் கழற்றக் குனிந்தாள். காலில் செருப்பு இல்லை. தலையைத் தாழ்த்தி நுழைந்து, மறுபடியும் தெற்கே, உள்தெருவின் நீளம் முழுக்க ஓடினாள்.

கோயில்பிள்ளை பிலவேந்திரன் அவள் கோலத்தைப் பார்த்ததுமே ஒன்றும் கேட்காமல் மணிக்கயிற்றைப் பிடித்தார். அவர் உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு இழுத்தபோது கிழக்கே மடமடவென்று ஒரு சத்தம் கேட்டது, மரமும் கல்லுமாகச் சேர்ந்து விழுகிற சத்தம், அதற்குப் பின்னால்தான் மணியின் நாக்கு மணியைத் தொட்டது.

அதிரியான் தலையிலிருந்து கால்வரை சுண்ணாம்புப் புழுதியோடு கோயில் முற்றத்துக்கு வந்தார். முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

"மணி பின்னாலதான் கேட்டுச்சு சலேத்து. எல்லாரும் கேட்டோம்," என்றார். "அடக்கச் செலவு எதுவானாலும் கமிட்டி பார்த்துக்கிடும்."

ரெமிஜியுஸ் சாமி அறைக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சலேத்து மணிக்கூண்டின் அடியிலிருந்து தன் வீட்டைப் பார்த்தாள். கிணற்றடி, வெளிறின மண், அதற்கு அந்தப் பக்கம் அவள் திறந்துபோட்டு வந்த கதவு, கதவுக்குள்ளே யாகப்பனுடைய கால். இவ்வளவு கிட்டவா! அவள் குனிந்து தன் பாதத்தை இரண்டு கையாலும் அறைந்தாள், முட்டாள் காலே, மூதேவிக் காலே என்று அறைந்தாள். அப்புறம் நிமிர்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, டீச்சர் வீட்டுக் கிணற்றடி வழியாகப் பட்டையைத் தாண்டி நேராக வீட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் யாகப்பனைப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். முன்னால் நின்றவர்கள் வழக்கப்படி வடக்கே திரும்பினார்கள். "நேரா போங்க, தோட்டத்துக்கு," என்றாள் சலேத்து. அவள் குரலைக் கேட்டு அவர்கள் நேராகத் திரும்பினார்கள்.

உள்தெருக்காரர்கள் அதற்குள் வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் திட்டம் போடவில்லை. வெளிறின மண்ணின் மேல், மதில் முன்பு எங்கே நின்றதோ அதே வரிசையில், வக்கீலும் மருந்துக்கடைக்காரரும் வாத்தியாரும் பெண்களும், பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு தெற்கிலிருந்து வடக்குவரை நின்றார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. சிலர் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சலேத்து வீட்டுக்கு நேரே இருந்த இடத்தில் டெல்ஃபின் டீச்சர் நின்றார். சலேத்து பெட்டிக்கு முன்னால் நடந்து அவர் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"டீச்சரம்மா, கொஞ்சம் கையை எடுங்க. நாங்க போயிருதோம்."

டீச்சருக்குக் கண்ணீர் வழிந்தது. "நான் என்ன செய்யட்டும் சலேத்து? ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்காங்களே."

"நீங்களும்தான பிடிச்சிருக்கீங்க."

பெட்டியைத் தூக்கியிருந்தவர்கள் தோள் மாற்றினார்கள். சலேத்து காத்திருந்தாள். இந்த மனுஷி தனக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தபோது தன் விரலைப் பிடித்த கை இது என்று நினைத்துப் பார்த்தாள். அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கல் எடுத்துக் கொடுத்துப் பழக்கமில்லாத கை, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், பக்கத்து விரல்களுக்குள்ளே விரலைக் கோத்து இறுக்கியிருந்ததில் ஒன்று உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

"இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க டீச்சரம்மா, மத்ததும் உடஞ்சிரும்," என்றாள் சலேத்து. "ராத்திரி தேங்காயெண்ணெய் போட்டுட்டுப் படுங்க."

டீச்சர் தேம்பித் தேம்பி அழுதார். கையை எடுக்கவில்லை. சலேத்து திரும்பி, பெட்டியை ஆற்றுப் பக்கம் கொண்டுபோகச் சொன்னாள்.